குதிகால் வலிக்குக் காவடியா?

நமது கொங்கு நாட்டில் ஒரு பிள்ளைக்குக் குதிகால் வலி வந்தால் அந்த வீட்டில் என்னென்ன நடக்கின்றது என்பதை அறிய நாம் எங்கும் தேடிப் போக வேண்டியதில்லை. கோயமுத்தூரானாலும் சரி, பொள்ளாச்சியானாலும் சரி, ஈரோடு, கோபி, தாராபுரம் பக்கத்துப் பட்டிக்காடானாலும் சரி, சங்கதி ஒன்றுதான். நேற்று வரை மைதானத்தில் முயல்போல் ஓடிக் கொண்டிருந்த பத்து வயதுப் பிள்ளை, இன்று விளையாடிவிட்டு வரும்போது குதிகாலை ஊன்ற மாட்டாமல் நுனிக்காலில் நொண்டிக் கொண்டு வருகின்றது. உடனே அமுச்சி, "கண்ணுப் பட்டுப் போச்சுங்க" என்று உப்பும் மிளகாயும் சுற்றுகின்றாள். தகப்பனார், "பள்ளிக்கூடத்துக்கு டிமிக்கி கொடுக்க நொண்டுகிறான்" என்று அதட்டுகின்றார். பக்கத்து வீட்டுக்காரர், "குதிகால் வாதம், எருக்கிலை வைத்து ஒத்தடம் கொடுங்கள்" என்கிறார். பூசாரி பூ வாக்குக் கேட்டுப் பார்த்து, "குலதெய்வத்துக்குக் குறை வைத்து விட்டீர்கள்" என்று சொல்லிக் கணுக்காலில் ஒரு கறுப்புக் கயிற்றைக் கட்டுகின்றார். விளையாட்டு வாத்தியாரோ, "வலியைப் பொறுக்காதவன் மெடல் வாங்க முடியாது, இன்னும் நாலு சுற்று ஓடு" என்கிறார்.

இத்தனை பேரும் இத்தனை விதமாய்ச் சொல்லுகின்றார்களே, இவர்களில் ஒருவராவது அந்தக் குதிகாலைத் தொட்டுப் பார்த்து, "எங்கே வலிக்கின்றது? எப்பொழுது வலிக்கின்றது? எத்தனை நாளாய் வலிக்கின்றது?" என்று அந்தப் பிள்ளையைக் கேட்டார்களா என்றால் அதுதான் இல்லை. நோவு பிள்ளைக்கு, ஆனால் சாட்சி சொல்ல உரிமை பிள்ளையைத் தவிர மற்ற எல்லோருக்கும். இந்த ஒரு அக்கிரமத்திலிருந்துதான் மற்ற அக்கிரமங்கள் எல்லாம் பிறக்கின்றன.

நிற்க, இந்த நோவு என்ன என்பதை முதலில் பார்ப்போம். இதில் ரகசியம் ஒன்றுமில்லை. குதிகால் எலும்பு, பிறக்கும்போதே முழு எலும்பாய் இருப்பதில்லை. அதன் பின்புறத்து முனை முதலில் குருத்தெலும்பாய் இருந்து, ஏறக்குறைய ஏழு எட்டு வயதில் அதற்குள் தனியாக ஒரு எலும்புத் துண்டு உண்டாகி, 14, 15 வயது வாக்கில்தான் பெரிய எலும்போடு ஒட்டி ஒன்றாகின்றது. பெண் பிள்ளைகளுக்கு இவையெல்லாம் ஒன்றிரண்டு வருஷம் முன்னதாகவே நடக்கும். அதுவரையில் அந்தத் துண்டுக்கும் பெரிய எலும்புக்கும் நடுவில் இருப்பது வளருகின்ற இளங் குருத்துத்தான். கெண்டைச் சதையிலிருந்து இறங்கி வரும் தடித்த நாண் இந்த முனையில் வந்துதான் பிடித்திருக்கின்றது. பிள்ளை ஓடும்போதும் குதிக்கும்போதும் அந்த நாண் மேலே இழுக்கின்றது. உள்ளங்கால் நார் முன்னால் இழுக்கின்றது. தரை கீழிருந்து இடிக்கின்றது. போதாக் குறைக்குப் பிள்ளை மளமளவென்று உயரும் காலத்தில் எலும்பு நீளுகின்ற வேகத்துக்குச் சதை நீளாததால் நாண் இன்னும் விறைத்துக் கொள்ளுகின்றது. நட்ட நாற்று வேர் பிடிக்கும் முன் அதைத் தினம் நூறு தரம் பிடித்து இழுத்தால் என்ன ஆகுமோ அதுதான் அந்தக் குருத்துக்கும் ஆகின்றது. அது நோகின்றது.

1895-இல் ராண்ட்ஜன் என்கின்ற ஜெர்மானியர் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். அதற்குப் பதினேழு வருஷம் கழித்து, 1912-இல், அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து டாக்டர் ஜேம்ஸ் வாரன் சீவர் என்பவர் பிள்ளைகளின் இந்தக் குதிகால் வலியை விவரித்து எழுதினார். அதனால் இதற்குச் சீவர் நோய் என்று பெயர் வந்தது. நோய் என்று பேரே தவிர, இதில் கிருமி கிடையாது, தொற்று கிடையாது, பரம்பரைச் சாபம் கிடையாது. முழங்காலுக்குக் கீழே இதே மாதிரி வளரும் முனையில் வருகின்ற வலியை, 1903-இலேயே பாஸ்டனில் ஆஸ்குட் என்பவரும், சூரிக்கில் ஷ்லாட்டர் என்பவரும் தனித்தனியே எழுதி விட்டார்கள். ஆகவே நூறு வருஷத்துக்கு மேலாக உலகத்து வைத்தியர்களுக்குத் தெரிந்த சாதாரண சங்கதி இது. மனிதன் சந்திரனில் கால் வைத்து 1969-ஓடு எத்தனையோ வருஷம் ஆகி விட்டது. நம் வீட்டுப் பிள்ளை வாசலில் கால் வைப்பதற்கு மாத்திரம் இன்னும் கயிறும் காவடியும் வேண்டியிருக்கின்றன!

கண்ணேறுக்காரர்கள் ஒரு வாதம் சொல்லுவார்கள். "ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்தான், ஊரே பார்த்தது, மறு வாரமே நொண்ட ஆரம்பித்தான். மூலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு ஏன் வரவில்லை? இது கண்ணேறு இல்லாமல் வேறு என்ன?" என்பார்கள். ஐயா, அவர்கள் வாயாலேயே காரணம் வந்து விட்டது! ஓடினதால்தான் பந்தயத்தில் ஜெயித்தான். ஓடினதால்தான் குதிகாலும் நொந்தது. இரண்டுக்கும் காரணம் ஓட்டமேயொழிய ஊரார் கண் அல்ல. காலை ஆறு மணிக்கு நேரு ஸ்டேடியத்தில் பழக்கம், பகலில் பள்ளிக்கூட மைதானம், சாயங்காலம் சிமெண்ட் களத்தில் பந்து என்று ஒரே நாளில் மூன்று வேளையும் குதிக்கின்ற பிள்ளையின் கால் என்ன இரும்பா? இரும்பாயிருந்தாலும் தேயுமே!

இனி வேண்டுதலின் யோக்கியதையைப் பார்ப்போம். இந்த வலிக்கு ஒரு குணமுண்டு. பிள்ளை ஓட்டத்தைக் குறைத்தால் சில வாரங்களில் அடங்கும். எலும்பு ஒட்டிக் கொண்டால் அடியோடு போய்விடும். பிற்காலத்தில் கால் ஊனமாகும் என்கின்ற பயமும் இல்லை. அதாவது, யார் கையும் படாமலே தீருகின்ற நோவு இது. தானே தீருகின்ற நோவுதான் பூசாரிக்குப் பொன் விளையும் பூமி! இன்றைக்குக் கயிறு கட்டுகின்றான். வலிக்கிறதே என்று பிள்ளை ஓடாமல் உட்காருகின்றது. ஒரு மாதத்தில் வலி குறைகின்றது. புகழ் கயிற்றுக்குப் போகின்றது. பிள்ளை மறுபடியும் ஓடுகின்றது, மறுபடியும் வலிக்கின்றது, "வேண்டுதல் பாக்கி" என்று இரண்டாவது வசூல் நடக்கின்றது. போனாலும் சாமிக்கு லாபம். வந்தாலும் சாமிக்கு லாபம். தோற்கவே முடியாதபடி ஒருவன் சூதாட்டம் நடத்தினால் அவனைப் போலீசில் பிடித்துக் கொடுப்போம். அதையே கோயில் வாசலில் நடத்தினால் தட்டில் பணம் போட்டுக் கும்பிடுகின்றோம். கயிறு கட்டாத பிள்ளைக்கும், கடவுள் பேரையே கேட்டிராத தேசத்துப் பிள்ளைக்கும் இதே வலி வந்து இதே மாதிரி தீருகின்றதே, அங்கே எந்தக் குலதெய்வம் போய்க் குறை தீர்த்தது என்று கேட்கின்றோம்.

இந்த மட்டோடு நின்றால் காசுதான் நஷ்டம் என்று விட்டு விடலாம். ஆனால் கயிற்றோடு நிற்பதில்லை. "கால் சரியானால் பிள்ளையைப் பழனிக்கு நடத்திக் கூட்டி வருகிறேன்" என்று தாயார் வேண்டிக் கொள்ளுகின்றாள். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் கொங்கு நாட்டு ரோடுகள் எல்லாம் பாத யாத்திரைக் கூட்டம் நிறைந்து, கொடுமுடிக் காவிரித் தண்ணீரைக் காவடியில் சுமந்து பழனிக்குப் போகின்றவர்களை நாம் வருஷா வருஷம் பார்க்கின்றோம். அந்தக் கூட்டத்தில் பெரியவர்களோடு பிள்ளைகளும் நடக்கின்றார்கள். வளர்ந்த மனிதன் தன் காலைத் தானே தேய்த்துக் கொண்டால் அது அவன் பாடு. ஆனால் ஓட்டத்தாலும் நடையாலும் நொந்த குதிகாலுக்குப் பரிகாரம் வெறுங்காலோடு தார் ரோட்டில் நாள் கணக்காய் நடப்பது என்றால், இதை விடப் பைத்தியக்காரத்தனம் உலகத்தில் உண்டா? கண் நோவுக்கு மிளகாய்ப் பொடி தூவுகிறேன் என்று வேண்டிக் கொள்ளுவார்களா? பிள்ளையின் காலைக் கொடுத்தது கடவுள் என்றால், அந்தக் காலை நோகடித்தால் அக்கடவுளுக்கு எப்படிச் சந்தோஷம் வரும்? சந்தோஷம் வருமானால் அது எந்த மாதிரிக் கடவுள்?

எல்லாவற்றிலும் பெரிய கேடு இன்னொன்று இருக்கின்றது. குதிகால் வலி எல்லாமே சீவர் வலி ஆகிவிடாது. நூற்றில் பெரும்பாலானவை அப்படி இருந்தாலும், எப்போதாவது ஒரு பிள்ளைக்கு எலும்புக்குள் சீழ் கட்டியிருக்கலாம், முறிவு இருக்கலாம், மூட்டு வாதமோ, கட்டியோ, ரத்தப் புற்றோ அப்படிக் கிளம்பலாம். சாதாரண வலிக்கு அடையாளம் இது: விளையாடும்போதும் விளையாடின பிறகும் வலிக்கும்; உட்கார்ந்தால் குறையும்; குதிகாலின் இரு பக்கத்தையும் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து அழுத்தினால் பிள்ளை முகத்தைச் சுளிக்கும்; வெளியே சிவப்போ வீக்கமோ தெரியாது. பல பிள்ளைகளுக்கு இரண்டு காலிலும் இருக்கும். ஆனால் காய்ச்சல் இருந்தாலும், குதிகால் வீங்கிச் சிவந்து சுட்டாலும், ராத்திரியில் தூக்கத்தைக் கெடுக்கும்படி வலித்தாலும், ஓய்விலும் வலி நிற்காவிட்டாலும், உயரத்திலிருந்து குதித்தபின் கால் ஊன்றவே முடியாமல் போனாலும், பிள்ளை மெலிந்து வெளுத்துப் போனாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக் கொண்டு போக வேண்டும். எலும்பில் சீழ் வைத்த பிள்ளைக்குப் பூ வாக்குக் கேட்டு ஒரு வாரத்தைக் கழித்தால் அந்த ஒரு வாரத்தில் காலே போகலாம்; உயிரும் போகலாம். அப்பொழுது பூசாரி வந்து என்ன சொல்லுவார்? "விதி" என்று இரண்டெழுத்தில் முடித்து விடுவார்!

எருக்கிலை வைத்தியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. செங்கல்லைச் சுட வைத்து, அதன் மேல் எருக்கிலையைப் போட்டுக் குதிகாலை வைக்கச் சொல்லுவது நம் பாட்டிமார் வழக்கம். பாட்டிக்கு வருகின்ற குதிகால் வலி வேறு. பேரனுக்கு வருகின்றது வேறு. பாட்டிக்கு உள்ளங்கால் நார் நைந்து, காலையில் படுக்கையை விட்டு இறங்கி வைக்கின்ற முதல் அடியில் சுருக்கென்று குத்தும். பேரனுக்கு வளரும் முனை நொந்து, ஆடின பிறகு வலிக்கும். இரண்டுக்கும் "வாதம்" என்று ஒரே பெயரைச் சூட்டி ஒரே செங்கல்லில் வைப்பது அறிவாகாது. பிள்ளையின் தோல் மெல்லிசு; சூடு தாங்காது; எருக்கம் பாலோ தோலைப் புண்ணாக்கும். வலியோடு கொப்புளமும் சேருவதுதான் மிச்சம்.

அதட்டுகின்ற தகப்பன்மாருக்கும் விளையாட்டு வாத்தியார்களுக்கும் நாம் சொல்லுவது இது. பிள்ளை விளையாட்டுக்குக் கள்ளம் போடுகின்றது என்கிறீர்கள். கள்ளம் போடுகின்ற பிள்ளை விளையாட்டை விட்டுவிட்டா நொண்டும்? தனக்கு மிகப் பிரியமான ஓட்டத்தையே விட்டு ஒதுங்கும்படி ஒரு பிள்ளைக்கு வலிக்கின்றதென்றால் அதை விட வேறு ருஜு என்ன வேண்டும்? பள்ளிக்கூடத்துச் சுழல் கோப்பை அலமாரியில் இருக்கும். குதிகால் பிள்ளையோடு எழுபது வருஷம் இருக்க வேண்டும்.

அப்படியானால் என்ன செய்வது என்று தோழர்கள் கேட்கலாம். செலவில்லாத காரியங்கள்தான். முதலாவது, வலி அடங்கும் வரையில் ஓட்டமும் குதிப்பும் குறைய வேண்டும். படுக்கையில் கிடத்த வேண்டியதில்லை, சைக்கிள் விடலாம், கிணற்றிலோ குளத்திலோ பெரியவர்கள் கூட இருந்து பார்த்துக் கொள்ள நீந்தலாம். இரண்டாவது, குதிகாலுக்குச் சற்று மேடும் மெத்தும் வேண்டும். இரண்டு கால் செருப்பிலும் அல்லது பூட்சிலும் குதிகாலின் கீழ் அரை முதல் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு மெத்தென்ற அட்டை வைத்தால் நாணின் இழுப்புக் குறையும். வலிக்கின்ற நாளில் வீட்டுச் சிமெண்ட் தரையிலும் வெறுங்காலாய் நடக்க விடாமல் செருப்புப் போட்டு விடுங்கள். மூன்றாவது, ஆடி முடிந்ததும் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிஷம் வைக்கலாம். வெறும் ஐஸைத் தோலில் வைக்கக் கூடாது. நான்காவது, கடும் வலி அடங்கினதும் கெண்டைச் சதையை நீட்டிப் பழக்க வேண்டும். சுவரில் இரு கைகளையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னே வைத்து, முழங்காலை மடக்காமல், குதிகாலைத் தரையிலிருந்து தூக்காமல், முன்னே சாய்ந்து முப்பது எண்ணும் வரை நிற்க வேண்டும். இப்படிக் காலுக்கு மூன்று தரம், காலையும் மாலையும் செய்தால் போதும். வலிக்கும்படி இழுக்கக் கூடாது. ஒற்றைக் காலில் நொண்டி ஆடினாலும் வலியில்லை என்கின்ற நிலை வந்தபின், முதலில் கொஞ்ச நேரம், பிறகு அதிக நேரம் என்று மைதானத்துக்குத் திரும்பலாம். நாலு வாரத்திலும் தீரும். சிலருக்கு மாதக் கணக்கிலும் இழுக்கும். மறுபடி வந்தால் மறுபடி இதையே செய்ய வேண்டும். இதற்குப் பஞ்சாங்கம் பார்க்க வேண்டாம், தட்சணையும் வேண்டாம்.

வைத்தியத்தின் பேராலும் மூடநம்பிக்கை நடக்கின்றது என்பதை மறைக்க நாம் தயாராயில்லை. சாதாரணமாக இந்த வலிக்கு எக்ஸ்ரேயே அவசியமில்லை. தொட்டுப் பார்த்தே சொல்லி விடலாம். சந்தேகம் இருந்தால்தான் படம் வேண்டும். எடுத்தால், அந்த வயதில் நல்ல காலிலேயே அந்த முனை துண்டு துண்டாயும் வெளுப்பாயும் தெரியும். அதைக் காட்டி, "எலும்பு உடைந்து போச்சு" என்று பயமுறுத்தி ஆபரேஷன் பேசுகின்றவனும், குதிகாலில் ஸ்டீராய்டு ஊசி போடுகிறேன் என்பவனும், கூடை நிறையச் சத்து மாத்திரை கட்டுகின்றவனும் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் மாட்டிய பூசாரியே ஆவான். இந்த வலிக்கு ஆபரேஷனும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். கோயமுத்தூரிலும் ஈரோட்டிலும் திருப்பூரிலும் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் எலும்பு டாக்டர்கள் இருக்கின்றார்கள். சீட்டு வாங்கிக் கொண்டு போய்க் காட்டி, "என்ன நோவு? எதனால்? இந்த மருந்து எதற்கு?" என்று கேளுங்கள். சாமியைக் கேள்வி கேட்கக் கற்றவன் டாக்டரையும் கேட்பான். நல்ல டாக்டருக்குக் கேள்வியைக் கண்டு கோபம் வராது.

இனி, செருப்பு என்று சொன்னோமே, அந்தச் செருப்பைப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயத்தை முடிக்க முடியாது. குதிகாலுக்கு மெத்து வேண்டும் என்று டாக்டர் சொல்லுகின்றார். ஆனால் இந்த நாட்டில் எந்தக் குதிகாலில் செருப்பு இருக்கலாம் என்று தீர்மானிக்கும் உரிமையை ஜாதி தன் கையில் வைத்திருந்தது. பல இடங்களில் இன்னமும் வைத்திருக்கின்றது. ஊராருக்கெல்லாம் செருப்புத் தைத்துக் கொடுத்த அருந்ததியத் தோழர், மேல் ஜாதித் தெரு வந்ததும் தன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக் கொள்ள வேண்டும் என்பதுதானே கொங்கு நாட்டுக் கிராம தர்மம்! பழைய காலத்துக் கதை என்று யாரும் தட்டிக் கழிக்க வேண்டாம். திருப்பூர் ஜில்லா மடத்துக்குளம் தாலூகா ராஜாவூரில், ஆதிக்க ஜாதியார் வசிக்கும் ஒரு தெருவில் தாழ்த்தப்பட்ட தோழர்கள் சுமார் அறுபது பேர் செருப்புப் போட்டுக் கொண்டு முதன் முதலாக நடந்தது 2023 டிசம்பரில்தான். அதுவரை அவர்களைத் தடுத்தது எது தெரியுமா? அந்தத் தெருவின் கீழே ஒரு மந்திரப் பொம்மை புதைத்திருக்கின்றது என்றும், தாழ்த்தப்பட்டவன் செருப்போடு நடந்தால் மூன்று மாதத்தில் செத்துப் போவான் என்றும் கட்டி விட்ட கதை! சட்டத்தால் தீண்டாமையை ஒழித்தார்கள். ஜாதிக்காரன் பொம்மையைக் கொண்டு அதைக் காப்பாற்றிக் கொண்டான். 1924-இல் வைக்கத்தில் தெருவில் நடக்கவே போராட வேண்டியிருந்தது. நூறு வருஷம் ஆகப் போகின்ற சமயத்தில் இங்கே செருப்போடு நடக்கப் போராட வேண்டியிருந்தது.

இதற்கும் குதிகால் வலிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் நிறைய இருக்கின்றது. பிள்ளையின் கணுக்காலில் கயிறு கட்டுகின்ற புத்தியும், தெருவில் பொம்மை புதைத்திருக்கின்றது என்கின்ற புத்தியும் ஒரே பட்டறையில் அடித்தவை. முன்னதை நம்பப் பழகினவன் பின்னதையும் நம்புவான். சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்று விலையில்லாமல் காலணி கொடுக்கின்றது. அந்தக் காலணி வீட்டுப் பரணிலும் தெரு முனையில் கையிலும் இருப்பதற்காகக் கொடுக்கப்படவில்லை. எந்த ஜாதிப் பிள்ளையானாலும் காலில் இருப்பதற்காகத்தான் கொடுக்கப்படுகின்றது.

பெண் பிள்ளைகள் விஷயம் இன்னும் மோசம். ஆணுக்கு வலித்தால், "எப்போது திரும்ப ஓடுவான்?" என்று கேட்கின்றார்கள். பெண்ணுக்கு வலித்தால், "நல்லதாய்ப் போச்சு, வயதுக்கு வரப் போகின்றவளுக்கு மைதானம் எதற்கு அம்மிணி?" என்று அதோடு விளையாட்டுக்கு முழுக்குப் போட்டு விடுகின்றார்கள். டாக்டர் சொன்னது சில வாரத்து ஓய்வு. வீட்டார் விதித்ததோ ஆயுள் தண்டனை! வலி தீர்ந்த அன்றைக்கு அவள் அண்ணன் எந்த மைதானத்துக்குப் போகின்றானோ அந்த மைதானத்துக்கு அவளும் போக வேண்டும். இதை மறுக்கின்றவர்கள் தாங்கள் அஞ்சுவது அவளுடைய குதிகாலுக்காகவா, அவள் நிமிர்ந்து ஓடுவதற்காகவா என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லட்டும்.

ஆகவே தோழர்களே! உங்கள் வீட்டுப் பிள்ளை நாளைக்கு நொண்டிக் கொண்டு வந்தால் உப்பைத் தேடாதீர்கள், பிரம்பையும் தேடாதீர்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காலை மடியில் எடுத்துப் பாருங்கள். எங்கே, எப்பொழுது, எத்தனை நாளாய் என்று கேளுங்கள். அது சொல்லுவதை நம்புங்கள். மேலே சொன்ன ஆபத்து அடையாளங்கள் இருந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். இல்லையேல் ஓய்வும், மெத்தென்ற செருப்பும், கொஞ்சம் பொறுமையும் கொடுங்கள். உங்கள் வீட்டில் ஏற்கெனவே கறுப்புக் கயிறு ஏறியிருந்தால் அதை அறுத்துப் பிள்ளையின் கையிலேயே கொடுத்து, வலி எதனால் வந்தது, எதனால் போகின்றது என்பதை அதற்கு விளங்கும்படி சொல்லுங்கள். காரணம் தெரிந்த பிள்ளை கயிற்றைத் தானே எறிந்து விடும்.